முன்னாள் ராணுவத்தினர் கிளப்பில் அப்படி என்னதான் நடக்கிறது?

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு முன்னாள் ராணுவத்தினர் கிளப் என்றால் வயதானவர்கள் பீர் குடித்துக்கொண்டு பழங்கதை பேசும் இடம், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் ஆர்.எஸ்.எல். கிளப்பாக இருக்கட்டும், அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் வி.எப்.டபிள்யூ. கட்டடமாக இருக்கட்டும், கனடாவின் லீஜன் ஹாலாக இருக்கட்டும், எல்லாம் அந்தந்த நாட்டு முன்னாள் வீரர் சங்கங்களின் இடங்கள்தான், உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது பார் கவுன்டர்தான். அப்புறம் சுவரில் பழைய படைப்பிரிவுப் படங்கள், ஒரு மூலையில் பில்லியர்ட்ஸ் மேஜை. இதற்குப் போய் எதற்கு வரிச்சலுகை, எதற்கு இவ்வளவு மரியாதை என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஹாலைத் தாண்டி ஒரு சின்ன அறை இருக்கும். ஒரு மேஜை, ஒரு பைல் அலமாரி, வாரத்தில் ஓரிரு நாள் வந்து உட்காரும் ஒரு பெரியவர். சர்வீஸ் ஆபீஸர் என்று அவரைச் சொல்வார்கள், ஆஸ்திரேலியாவில் அட்வகேட் என்பார்கள். கிளப்பின் பெரிய வேலை அந்த அறையில்தான் நடக்கிறது.

அப்படியானால் அறையை மட்டும் வைத்துக்கொண்டு பாரை மூடிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். உதவி தேவைப்படும் முன்னாள் ராணுவத்தினரில் பலர் "உதவி வழங்கப்படும்" என்று போர்டு போட்ட கதவைத் தட்டவே மாட்டார்கள். "என்னைவிட மோசமா அடிபட்டவன் இருக்கான், அவனுக்குக் குடுங்க" என்பது எந்த நாட்டுப் படையிலும் கேட்கக்கூடிய வாக்கியம். அவர் பாருக்கு வருவார். பக்கத்து ஸ்டூலில் இருப்பவர், தான் சொன்னதை இவர் மூன்று தரம் "என்னது?" என்று கேட்பதைக் கவனிப்பார். எந்த யூனிட், பீரங்கியா, எத்தனை வருஷம் என்று பேச்சு போகும். காது போனதற்கும் பீரங்கிக்கும் தொடர்பு இருக்கலாம், அதற்கு மாதாமாதம் இழப்பீடு கிடைக்க வழியிருக்கிறது என்று இவர் முதல் தடவையாகக் கேள்விப்படுவது அந்த ஸ்டூலில் வைத்துத்தான். "வியாழக்கிழமை பத்து மணிக்கு அந்த ரூமுக்கு வந்துடு, பேப்பர் எல்லாம் எடுத்துட்டு வா." ஹால் ஆளைப் பிடித்துக் கொடுக்கிறது, அறை வேலையை முடிக்கிறது. இந்த இரண்டில் எது பழுதானாலும் கிளப் வெறும் மதுக்கடையாகவோ வெறும் அரசு அலுவலகமாகவோ ஆகிவிடும் என்பது என் கருத்து.

இந்த அமைப்புகள் எப்படி முளைத்தன என்று பார்த்தால், பெரும்பாலும் கோபத்தில் முளைத்தவை. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த மறுவருடம், 1866-ல், இல்லினாய் மாநிலத்தில் 'கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக்' தொடங்கியது. வடக்குப் படையில் இருந்தவர்களின் சங்கம். 1890 வாக்கில் உறுப்பினர் எண்ணிக்கை நாலு லட்சம். அவ்வளவு ஓட்டு ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகுமோ அது ஆனது: அதே 1890-ல் பென்ஷன் சட்டம் விரிவாக்கப்பட்டது, சில வருடங்களிலேயே மத்திய அரசின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராணுவ பென்ஷனுக்குப் போனது. அந்தச் சங்கத்துக்கு ஒரு விசித்திரமான முடிவும் உண்டு. புதிய போர்களின் ஆட்களைச் சேர்ப்பதில்லை என்று இருந்ததால் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக இறந்து, 1956-ல் கடைசி உறுப்பினரும் இறந்தபோது சங்கம் கலைந்தது. பின்னால் வந்த அமைப்புகள் இதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தடுத்த போர்களின் ஆட்களுக்கும் கதவைத் திறந்து வைத்தன. எவ்வளவு மனதாரத் திறந்தன என்பது வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்று நாம் பார்க்கும் கிளப்புகளில் பெரும்பாலானவை முதல் உலகப்போரின் பிள்ளைகள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1916-லேயே, போர் நடந்துகொண்டிருக்கும்போதே, காயம்பட்டுத் திரும்பியவர்கள் சங்கம் தொடங்கிவிட்டார்கள். 1919 மார்ச்சில் பாரிஸில் கூடிய அமெரிக்கப் படையினர் அமெரிக்கன் லீஜனை ஆரம்பித்தார்கள். பிரிட்டனில் ஒன்றல்ல, நான்கு அமைப்புகள் இருந்தன, ஒன்றுக்கொன்று அரசியலில் ஒத்துப்போகாதவை. ஒன்று தொழிற்சங்கப் பக்கம், ஒன்று ஆளுங்கட்சிப் பக்கம், ஒன்று அதிகாரிகளுக்கு மட்டும். 1921 மே மாதம் அவை இணைந்துதான் பிரிட்டிஷ் லீஜன் ஆனது. கனடா 1925-ல் வின்னிபெக்கில். பத்து வருடத்துக்குள் இவ்வளவும். லட்சக்கணக்கில் ஆட்களைப் போருக்கு அனுப்பத் தெரிந்த அரசுகளுக்கு அவர்கள் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. கைகால் போனவர்கள் தெருவில் தீப்பெட்டி விற்றார்கள். அந்த வெற்றிடத்தில்தான் இந்தச் சங்கங்கள் நுழைந்தன.

சரி, அந்தச் சின்ன அறைக்கு வருவோம். பேப்பர் வேலை என்றால் சலிப்பாகத் தோன்றலாம், ஆனால் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் அதில்தான் நிற்கிறது. அமெரிக்காவை எடுத்துக்கொண்டால், ஒரு உடல்நலக் குறைவு ராணுவ சேவையால் வந்தது என்று நிரூபிக்கப் பொதுவாக மூன்று வேண்டும். இப்போது அந்தக் குறைபாடு இருக்கிறது என்பதற்கு மருத்துவச் சான்று, சேவைக்காலத்தில் ஏதோ நடந்தது என்பதற்கு ஆதாரம், இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சொல்லும் மருத்துவக் கருத்து. முதலாவது சுலபம். மூன்றாவதற்கு டாக்டரைப் பிடிக்க வேண்டும். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இரண்டாவதில். இருபது வயதில் லாரியிலிருந்து குதித்து முழங்கால் திரும்பியவன் மருத்துவ அறைக்குப் போயிருக்கமாட்டான். போனால் சோம்பேறி என்பார்கள், அடுத்த பயிற்சிக்கு அனுப்பமாட்டார்கள். நாற்பது வருடம் கழித்து அந்த முழங்கால் மடங்காதபோது பைலில் ஒரு வரிகூட இருக்காது.

பைலே இல்லாமல் போனவர்களும் இருக்கிறார்கள். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகருக்கருகே இருந்த ராணுவ ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான சேவைப் பதிவுகள் எரிந்தன. 1912-க்கும் 1960-க்கும் நடுவில் தரைப்படையிலிருந்து வெளியேறியவர்களின் பதிவுகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. நகல் கிடையாது, மைக்ரோபிலிம் கிடையாது, எரிந்தது எது என்று சொல்ல ஒரு அட்டவணைகூடக் கிடையாது. இரண்டாம் உலகப்போரிலும் கொரியப் போரிலும் இருந்த லட்சக்கணக்கானவர்கள் ஒரே இரவில் அரசின் பார்வையில் ஆதாரமில்லாதவர்கள் ஆனார்கள்.

அப்போது கைகொடுத்தவற்றில் ஒன்று கூட இருந்தவனின் சாட்சி. 'பட்டி ஸ்டேட்மென்ட்' என்று இதற்குப் பெயர். "இன்ன வருடம் இன்ன இடத்தில் நானும் இவரும் ஒரே பிளாட்டூன், குண்டு வெடித்தபோது நான் பத்து அடி தள்ளி நின்றேன், இவரைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. அந்தக் கூட இருந்தவனை எங்கே தேடுவது? இன்டர்நெட் இல்லாத காலத்தில் சங்கத்தின் பத்திரிகையில் யூனிட் பெயரைப் போட்டு விளம்பரம் கொடுப்பார்கள், வருடாந்தரச் சந்திப்பில் விசாரிப்பார்கள், ஒரு ஊர் கிளப்பிலிருந்து இன்னொரு ஊர் கிளப்புக்குத் தகவல் போகும். பார்க்கிறவர்களுக்குப் பழங்கதை பேசுவதாகத் தெரிந்தது ஒரு வகையில் ஆவணக் காப்பகமாகவும் இருந்தது.

அறையில் இருக்கும் ஆளுக்கு இன்னொரு பயனும் உண்டு: காலக்கெடு அவருக்குத் தெரியும். அமெரிக்காவில் முழு விண்ணப்பம் தயாராகும் முன்பே, விண்ணப்பிக்க உத்தேசம் என்று ஒரு படிவத்தைக் கொடுத்து வைக்கலாம். அதற்குப் பிறகு ஒரு வருட அவகாசம், அந்தக் கெடுவுக்குள் முழு விண்ணப்பம் போய் ஒப்புதல் கிடைத்தால் உத்தேசப் படிவம் கொடுத்த தேதியிலிருந்தே பணம் கணக்காகலாம். இது தெரியாமல் எல்லாப் பேப்பரும் சேரட்டும் என்று காத்திருப்பவர் அத்தனை மாதப் பணத்தையும் இழக்கிறார். இதைச் சொல்லிக்கொடுக்க அங்கீகாரம் பெற்ற சங்கப் பிரதிநிதி ஒரு பைசா வாங்கமாட்டார், நீங்கள் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கனடா லீஜனிலும் அப்படித்தான், உறுப்பினர் அல்லாதவருக்கும் இலவசம். இதே வேலையைப் பெரிய கட்டணத்துக்குச் செய்து தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் அங்கீகாரமில்லாத கம்பெனிகள் அமெரிக்காவில் ஏராளமாக முளைத்திருக்கின்றன. முதல் விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்ற விதி இருக்கிறது, ஆனால் மீறினால் கிரிமினல் தண்டனை என்ற பகுதி 2006-ல் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அப்புறம் சொல்லவா வேண்டும்.

தனித்தனியாக நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்ததால்தான் சங்கங்கள் சட்டத்தையே மாற்றச் சொல்லிப் போராடின. வியட்நாமில் தெளிக்கப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்ச் என்ற நச்சுக் களைக்கொல்லி விஷயத்தில் 1991-ல் அமெரிக்காவில் வந்த சட்டமும், இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குப்பைகளைக் குழியில் போட்டு எரித்த புகையைச் சுவாசித்தவர்களுக்காக 2022 ஆகஸ்டில் வந்த பாக்ட் சட்டமும் அடிப்படையில் ஒன்றைத்தான் செய்தன: இன்ன இடத்தில் இன்ன காலத்தில் இருந்தாய், இன்ன நோய் வந்திருக்கிறது, தொடர்பை நீ நிரூபிக்க வேண்டாம், நாங்களே ஊகித்துக்கொள்கிறோம். ஒவ்வொருவரும் டாக்டர் பின்னால் அலைவது இதனால் பெருமளவு குறைந்தது.

அரசியல் பலம் என்று பேசினால் 1944-ன் ஜி.ஐ. சட்டத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. படை திரும்பியவர்களுக்குக் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கடன், வேலை கிடைக்கும்வரை உதவித்தொகை என்று கொடுத்த சட்டம். அதன் முதல் வரைவை எழுதியது அரசு அதிகாரி அல்ல, ஹாரி கோல்மெரி என்ற, அமெரிக்கன் லீஜனின் முன்னாள் தலைவர். வாஷிங்டனில் ஒரு ஓட்டல் அறையில் உட்கார்ந்து எழுதினார். கடைசிக் கட்டத்தில் இரு அவைக் கூட்டுக்குழுவில் ஓட்டு சமமாகி, ஒரே ஒரு உறுப்பினரின் ஓட்டு தேவைப்பட்டது. ஜான் கிப்சன் என்ற அந்த உறுப்பினர் உடம்பு சரியில்லாமல் ஜார்ஜியாவில் தன் ஊரில் இருந்தார். லீஜன்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக அவரைத் தேடிப் பிடித்து, காரில் புளோரிடாவரை விரட்டிக்கொண்டு போய், விமானத்தில் ஏற்றி, காலையில் வாஷிங்டனில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஜூன் 22-ல் சட்டம் கையெழுத்தானது. 1956-க்குள் சுமார் 78 லட்சம் பேர் அதன் மூலம் படிப்போ தொழிற்பயிற்சியோ பெற்றார்கள்.

இந்தக் கதையை இதோடு நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் அந்தச் சலுகைகளைக் கையில் கொடுக்கும் வேலை உள்ளூர் வங்கிகளிடமும் உள்ளூர் அலுவலகங்களிடமும் விடப்பட்டது, நிறப்பாகுபாடு சட்டமாகவே இருந்த தென் மாநிலங்களில் அதன் அர்த்தம் எல்லாருக்கும் தெரிந்ததே. 1947-ல் மிசிசிப்பியின் பதின்மூன்று நகரங்களில் அரசு உத்தரவாதத்தோடு கொடுக்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பினத்தவருக்குப் போனவை இரண்டு. அங்கே லீஜன் கிளைகளும் வெள்ளையருக்கு வேறு, கறுப்பருக்கு வேறு. யாருக்காகப் பேசுகிறோம் என்ற கேள்வியில் இந்தச் சங்கங்கள் வேறு தடவைகளிலும் சறுக்கியிருக்கின்றன. 1930-களின் தொடக்கத்தில் பொருளாதாரம் சரிந்து முன்னாள் வீரர்கள் பட்டினி கிடந்தபோது, தங்களுக்கு எழுதிக் கொடுத்த போனஸை உடனே தரச்சொல்லி வி.எப்.டபிள்யூ. கேட்டது, அமெரிக்கன் லீஜன் மாநாடோ 1931-ல் ஜனாதிபதி ஹூவர் நேரில் வந்து பேசியதும் அதைக் கேட்பதில்லை என்று முடிவெடுத்தது. மறுவருடம் ஆயிரக்கணக்கானவர்கள் தாங்களாகவே வாஷிங்டனுக்குப் போய் முகாமிட்டார்கள், ராணுவமே வந்து அவர்களை விரட்டியது.

மனநலம் என்று வரும்போது கிளப்புகளைப் பற்றி எனக்கு இரண்டு மனம். நல்லதை முதலில் சொல்கிறேன். 1970 வாக்கில் நியூயார்க்கில் வியட்நாமிலிருந்து திரும்பிய இளைஞர்கள் தங்களுக்குள் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். ராபர்ட் லிஃப்டன், ஹைம் ஷாட்டன் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் அதில் கலந்துகொண்டார்கள், ஆனால் ஆஸ்பத்திரியில் அல்ல, வீரர்களின் சங்க அலுவலகத்தில், வீரர்களின் நிபந்தனைப்படி. இடம் யாருடையது என்பது முக்கியமாக இருந்தது. அங்கே கேட்டவை, வேறு பல ஆய்வுகளோடு சேர்ந்து, 1980-ல் பி.டி.எஸ்.டி. என்ற, பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயாக மருத்துவக் கையேட்டில் ஏறின. ஆஸ்திரேலியாவில் வியட்நாம் வீரர்களின் போராட்டத்தால் 1982-ல் தனி ஆலோசனைச் சேவை வந்தது. இன்று அது ஓப்பன் ஆர்ம்ஸ் என்ற பெயரில் குடும்பத்தினருக்கும் சேர்த்து இயங்குகிறது. சும்மா கூடிப் பேசியது சட்டமும் சிகிச்சையுமாக மாறிய வரலாறு இது.

கெட்டதும் அதே ஹாலில்தான் இருக்கிறது. தூக்கம் வராதவன், எரிச்சலை அடக்க முடியாதவன் வந்து உட்காரும் இடத்தில் மது மலிவாகக் கிடைக்கிறது. கூட இருப்பவர்களும் குடிக்கிறார்கள், எனவே அளவு மீறுவது யார் கண்ணிலும் படுவதில்லை. சில கிளப்புகள் இதைப் புரிந்துகொண்டு பாரை வேறு பக்கம் நகர்த்தி, காலையில் காபி, பட்டறை, மீன்பிடிப்பு என்று போகின்றன. அமெரிக்கன் லீஜன் 'பட்டி செக்' என்று ஒரு பழக்கத்தை வைத்திருக்கிறது: உறுப்பினர் பட்டியலைப் பங்கு போட்டுக்கொண்டு ஒவ்வொருவரும் சிலருக்குப் போன் செய்து எப்படி இருக்கிறாய் என்று விசாரிப்பது. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் சந்தா கேட்பதற்காக அல்லாமல் யாராவது போன் செய்வது பலருக்கு வருடக்கணக்கில் நடந்திராத விஷயம்.

இனி குடும்பம். என் கணிப்பில் இதுதான் கிளப்புகள் அதிகமாகப் பேசுவதும் குறைவாகச் செய்வதும், சில அருமையான விதிவிலக்குகளோடு. அந்த விதிவிலக்குகளில் முதலிடம் ஆஸ்திரேலியாவின் லெகசிக்கு. 1923-ல் மெல்போர்னில் ஸ்டான்லி சாவிஜ் தொடங்கியது. முன்னாள் வீரர்களுக்கான உதவி என்பதை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு, போரில் இறந்தவர்களின் மனைவி மக்களை மட்டும் கவனிப்பது என்று முடிவு செய்தார்கள். தன்னார்வலர் ஒருவர் ஒரு குடும்பத்தை ஏற்றுக்கொள்வார். பள்ளிக் கட்டணம், கூரை ஒழுகுவது, பையனுக்கு முதல் வேலை, பென்ஷன் பேப்பர் எல்லாம் அவர் பொறுப்பு. அதே ஆள் வருடக்கணக்கில் வருவதால் பிள்ளைகளுக்கு அவர் பழகிய முகமாகிவிடுவார். நூறு வருடம் தாண்டியும் லெகசி நடக்கிறது. பிரிட்டனில் இதற்கும் மூத்தது 1885-ல் தொடங்கிய எஸ்.எஸ்.ஏ.எப்.ஏ. என்ற, படையினர் குடும்பங்களுக்கான தொண்டு அமைப்பு; அதன் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து, என்ன தேவை என்று எழுதிக்கொண்டு போய், எந்த ரெஜிமென்ட் நிதியிலிருந்து எதைப் பெறலாம் என்று பார்ப்பார்கள். ஸ்டவ் உடைந்ததிலிருந்து சக்கர நாற்காலிவரை.

மனைவிமார் சந்திக்கும் ஒரு சிக்கலைச் சொன்னால் அந்த அறையின் அருமை புரியும். சேவையால் வந்த நோயால் இறந்தவரின் மனைவிக்கு அமெரிக்காவில் மாதாந்தரத் தொகை உண்டு. அதற்கு இறப்புச் சான்றிதழில் காரணம் சரியாக இருக்க வேண்டும். பத்து வருடம் நுரையீரல் நோயோடு இருந்தவர் கடைசியில் இறக்கும்போது, அவசரத்தில் இருக்கும் டாக்டர் "இதயம் நின்றது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். எல்லாருக்கும் கடைசியில் இதயம்தானே நிற்கிறது. அந்த ஒரு வரியால் அவர் மனைவியின் விண்ணப்பம் சிக்கிக்கொள்ளும். அனுபவமுள்ள சர்வீஸ் ஆபீஸர், கணவர் உயிரோடு இருக்கும்போதே அவரிடம், டாக்டரிடம் பேசி வை, அடிப்படை நோயையும் எழுதச் சொல் என்பார். துக்கத்தில் இருக்கும் வீட்டில் இதைப் பேசவே சங்கடமாக இருக்கும், ஆனால் யாராவது பேசித்தான் ஆக வேண்டும்.

இறுதிச்சடங்கிலும் கிளப் வந்து நிற்கிறது. 2000 முதல் அமெரிக்கச் சட்டப்படி, தகுதியுள்ள முன்னாள் வீரரின் குடும்பம் கேட்டால் குறைந்தது இரண்டு ராணுவத்தினர் வந்து கொடியை மடித்துக் கொடுத்து, டாப்ஸ் என்ற இறுதி எக்காளத்தை ஒலிக்க வேண்டும். இரண்டு பேர் மட்டுமே வந்தால் துப்பாக்கி மரியாதைக்கு ஆள் போதாது, அதை ஊர் கிளப்பின் பெரியவர்கள் செய்கிறார்கள். எழுபது வயதுக்காரர்கள் பனியில் நின்று மூன்று முறை சுடுகிறார்கள். எக்காளம் ஊதத் தெரிந்தவர்களும் அருகிவிட்டதால் 2003-லிருந்து ஒரு ஏற்பாடு: உண்மையான எக்காளத்தின் வாய்க்குள் ஒரு சின்ன மின்கருவி இருக்கும், பட்டனை அழுத்திவிட்டு ஊதுவது போல் உதட்டில் வைத்து நிற்க வேண்டியதுதான். போலி என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கல்லறைக்கு யாருமே வராமல் இருப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பணம் எங்கிருந்து வருகிறது? சந்தாவில் ஒன்றும் நடக்காது. பிரிட்டனில், போரில் இறந்தவர்களின் நினைவாகச் சட்டையில் குத்திக்கொள்ளும் செயற்கைப் பாப்பி மலர். 1921-ல் முதல் பாப்பி விற்பனையிலேயே 1,06,000 பவுண்டு சேர்ந்தது. மறுவருடம் ஜார்ஜ் ஹௌசன் என்ற மேஜர் ஊனமுற்ற ஐந்து வீரர்களோடு ஒரு பாப்பி பட்டறையைத் தொடங்கினார். ஒரு கை மட்டும் உள்ளவரும் கோத்துவிடக்கூடிய விதத்தில் அந்தக் காகிதப் பூ வடிவமைக்கப்பட்டது. விற்ற பணமும் உதவி, செய்த வேலையும் உதவி. அமெரிக்காவில் வி.எப்.டபிள்யூ. அதே 1922-ல் பாப்பி விற்கத் தொடங்கியது, பட்டி பாப்பி என்ற பெயர் பின்னால் வந்தது. மற்றபடி ஹால் வாடகை, பிங்கோ, பார் வருமானம்.

ஆஸ்திரேலியாவில் வருமானத்தின் பெரிய ஊற்று வேறு, அதுதான் அங்கே தீராத சர்ச்சை: சூதாட்ட இயந்திரங்கள். நியூ சவுத் வேல்ஸில் ஆர்.எஸ்.எல். பெயர் தாங்கிய பெரிய கிளப்பும், முன்னாள் வீரர்களின் கிளையும் சட்டப்படி வேறுவேறு நிறுவனங்கள். பளபளக்கும் கட்டடமும் சாப்பாட்டுக் கூடமும் இயந்திர வரிசையும் கிளப்புடையவை. வீரர்களின் கிளைக்கு அதே கட்டடத்தில் ஒரு அறையும் கிளப் மனது வைத்துக் கொடுக்கும் தொகையும். பல கிளப்புகளில் மாலை 6 மணிக்கு விளக்கை மங்கவைத்து இறந்தவர்களுக்காக நாலு வரி வாசிப்பார்கள், இயந்திரத்தின் முன்னால் இருப்பவர்கள் உட்பட எல்லாரும் எழுந்து நிற்பார்கள், பிறகு உட்கார்ந்து ஆட்டத்தைத் தொடர்வார்கள். முன்னாள் வீரர்களிலேயே சூதாட்டத்துக்கு அடிமையானவர்கள் இருக்கும்போது, அந்தப் பணத்தில் அவர்களுக்கே நலத்திட்டம் நடத்துவது எந்தக் கணக்கில் சரியாகும் என்று தெரியவில்லை.

முன்னே சொல்வதாகச் சொன்ன விஷயம், யாரை உள்ளே விட்டார்கள் என்பது. வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிளப் வாசலில் ஒரே வசவைக் கேட்டதாகச் சொல்கிறார்கள்: "உங்களோடது ஒரு போரே இல்லை." எல்லாக் கிளையும் அப்படி நடக்கவில்லை, ஆனால் போதுமான அளவு நடந்தது. அதனால்தான் 1978-ல் அமெரிக்காவிலும் அடுத்த ஓரிரு வருடங்களில் ஆஸ்திரேலியாவிலும் வியட்நாம் வீரர்கள் தனிச்சங்கம் தொடங்கினார்கள். வி.எப்.டபிள்யூ. பெண்களை உறுப்பினர்களாகச் சேர்த்தது 1978-ல்தான். இன்றும் ஒரு பெண் வீரர் கிளப்புக்குப் போனால் "உங்க வீட்டுக்காரர் எந்த யூனிட்?" என்று கேட்கப்படுவது ஓயாத புகார். அமெரிக்கன் லீஜனில் அறிவிக்கப்பட்ட போர்க்காலங்களுக்கு இடைப்பட்ட வருடங்களில் சேவை செய்தவர்கள் சேரவே முடியாமல் இருந்தது. 2019-ல் வந்த சட்டம்தான் 1941 டிசம்பர் 7-லிருந்து எல்லாரையும் தகுதியாக்கியது. உறுப்பினர் எண்ணிக்கை சரிந்த பிறகு வந்த தாராளம் என்று கிண்டல் செய்தவர்களும் உண்டு.

இந்தியாவில் கதை வேறு பாதையில் போனது. இங்கே கிளப்பின் அறையை அரசே எடுத்துக்கொண்டது. 1919-ல் பிரிட்டிஷ் ஆட்சியில் உருவான இந்தியன் சோல்ஜர்ஸ் போர்டின் வழிவந்தது இன்றைய கேந்திரிய சைனிக் போர்டு. அதன் கீழே மாநிலத்திலும் மாவட்டத்திலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள். நாற்காலியில் இருப்பவரும் பெரும்பாலும் முன்னாள் அதிகாரிதான். 1949-லிருந்து டிசம்பர் 7 கொடிநாள் வசூலும் அந்த வழியாகத்தான். தனியார் சங்கங்கள் இருக்கின்றன, பென்ஷன் போராட்டங்களில் அவற்றுக்குப் பெரிய பங்கு, ஆனால் மாலையில் சும்மா போய் உட்காரும் ஹால் பண்பாடு குறைவு. அறை இருக்கிறது, ஹால் இல்லை. கேட்டு வருபவருக்கு வழி உண்டு, கேட்காதவரைக் கவனிக்கப் பக்கத்து ஸ்டூல் இல்லை.

மேற்கு நாடுகளில் இப்போது எதிர்த்திசையில் ஓடுகிறது. ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பியவர்களுக்குச் சின்னக் குழந்தைகள், இரண்டு வேலை. செவ்வாய்க்கிழமை கமிட்டி மீட்டிங்கில் போன தடவை நடவடிக்கைக் குறிப்பை வாசித்துக் கைதூக்க நேரமில்லை. பிரிட்டனில் காலைச் சிற்றுண்டி கிளப்புகள் பரவியிருக்கின்றன. சந்தா கிடையாது, கமிட்டி கிடையாது, சனிக்கிழமை ஒரு கடையில் கூடிச் சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள், மனைவி மக்களும் வரலாம். ஹால் வேலையை இவை பிரமாதமாகச் செய்கின்றன. அறை வேலைக்குத்தான் ஆளில்லை. சட்டமும் படிவமும் தெரிந்த ஒருவரைத் தயார்செய்யப் பயிற்சி வேண்டும், தேர்வு வேண்டும், பிறகு பல வருடப் பழக்கம் வேண்டும். அந்தப் பழைய பெரியவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ராணுவத்தினரின் தற்கொலைகளை விசாரித்த அரச ஆணையம் 2024 செப்டம்பரில் 122 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தது. சிதறிக் கிடக்கும் இந்தச் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு தலைமை அமைப்பு வேண்டும் என்பதும் அதில் ஒன்று.

கட்டடத்தை விற்றுவிட்டு அந்தப் பணத்தில் சம்பளத்துக்கு அட்வகேட்களை வைத்துக்கொள்வதே நல்லது என்று சிலர் வாதிடுகிறார்கள். பெரிய கூரையைக் கட்டிக் காக்கச் செலவிடுவதைவிட அது புத்திசாலித்தனம்தான். ஆனால் அப்படி வேலைக்கு வரும் அட்வகேட்டிடம் போவது, தனக்கு ஏதோ கிடைக்க வேண்டியிருக்கிறது என்று ஏற்கனவே தெரிந்தவர்தான். தெரியாதவரைத் தேடிப் போன் செய்யலாம் என்றால், கையில் இருப்பது உறுப்பினர் பட்டியல். அவர் எந்தச் சங்கத்திலும் சேர்ந்ததே இல்லை.